வளைவைச் சுற்றி வரும் கயிறு

பொறியியல் முதலாண்டு படிக்கும் என் அக்கா மகள் சென்ற வாரம் ஒரு கணக்கைக் கொண்டுவந்து காட்டினாள். எக்ஸ் = டீ², ஒய் = டீ³ − 3டீ என்று துணையலகு வடிவில் தரப்பட்ட வளைவு ஓரிடத்தில் தன்னைத்தானே வெட்டிக்கொண்டு ஒரு கண்ணியை உண்டாக்குகிறது; அந்தக் கண்ணிக்குள் அடைபட்ட பரப்பைக் காண வேண்டும். அவள் செய்திருந்த தொகையிடலில் பிழை ஏதும் இல்லை. ஆனால் விடை −24√3/5 என்று வந்திருந்தது. "மாமா, பரப்பு எப்படி மைனஸில் வரும்? குறியை எடுத்துவிட்டு எழுதிவிடட்டுமா?" என்று கேட்டாள்.

எடுத்துவிட்டு எழுதினால் மதிப்பெண் முழுதாகக் கிடைத்துவிடும். அவள் வயதில் நானும் அப்படி எழுதியே காலம் தள்ளினேன். என்னைத் தடுத்து நிறுத்தியது வேறொரு வளைவு: எக்ஸ் = சைன் டீ, ஒய் = சைன் டீ × கோசைன் டீ. டீயின் மதிப்பு 0 முதல் 2பை வரை செல்லும்போது இந்த வளைவு படுக்க வைத்த எட்டைப்போல ஓர் உருவத்தை வரைகிறது. அதன் பரப்பைக் கணக்கிட்டபோது எனக்குச் சுழியம் கிடைத்தது. மூன்று முறை போட்டுப் பார்த்தும் சுழியமே. காகிதத்தில் இரண்டு இலைகள் கண்ணெதிரே இருக்கின்றன. கணக்கோ அங்கே ஒன்றுமே இல்லை என்கிறது. கழித்தல் குறி வந்தால் அழித்துவிடலாம். சுழியத்தை என்ன செய்வது? அந்தக் கேள்விதான் பரப்பு என்பதைப் பற்றிப் பள்ளியில் நான் உருவாக்கிக்கொண்டிருந்த எண்ணத்தை மாற்றியது. அக்கா மகளுக்குச் சொன்னதை இங்கே சற்று விரிவாக எழுதிவைக்கிறேன்.

மேல்நிலைப் பள்ளியில் நாம் கற்ற முறை, வளைவுக்கும் எக்ஸ் அச்சுக்கும் இடைப்பட்ட பரப்பை மெல்லிய செங்குத்துப் பட்டைகளாக நறுக்கிக் கூட்டுவது. வளைவு அச்சுக்குக் கீழே இறங்கினால் கழித்தல் குறியோடு விடை வரும், அதற்கு மட்டு மதிப்பு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லித் தருவார்கள். ஒவ்வோர் எக்ஸ் மதிப்புக்கும் ஒரே ஓர் ஒய் மதிப்பு இருக்கும்வரை இந்த முறை போதும். ஆனால் ஒரு மூடிய வளைவு அப்படி இருக்க முடியாது. வலப்புறம் சென்ற வளைவு எப்போதாவது இடப்புறம் திரும்பித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் புறப்பட்ட இடத்துக்கு அது வந்து சேராது. ஆகவே மூடிய வளைவுகளை இயல்பாக விவரிப்பதற்கு எக்ஸ், ஒய் ஆகிய இரண்டையும் மூன்றாவது ஒன்றைக் கொண்டு சொல்வதே வசதி. அந்த மூன்றாவதைத் துணையலகு என்கிறோம். அதைக் காலம் என்று நினைத்துக்கொள்வது எனக்கு எப்போதும் உதவியிருக்கிறது: டீ என்னும் நேரத்தில் நடப்பவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதை இரண்டு சமன்பாடுகளும் சொல்லிவிடுகின்றன.

இப்போது ஆதிப்புள்ளியில் ஒரு முளையை அடித்து, அதில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை நடப்பவரின் கையில் கொடுப்போம். கயிறு வேண்டிய அளவு நீளவும் சுருங்கவும் கூடியது. எப்போதும் விறைப்பாகவே இருக்கிறது. அவர் வளைவின்மீது நடக்க நடக்கக் கயிறு தரையைப் பெருக்கிக்கொண்டே போகிறது. கயிறு இடஞ்சுழியாகத் திரும்பும்போது அது கடக்கும் பரப்பைக் கூட்டிக்கொள்வோம். வலஞ்சுழியாகத் திரும்பும்போது கடக்கும் பரப்பைக் கழித்துவிடுவோம். முளை வளைவுக்கு வெளியே இருந்தால், நடப்பவர் தொலைவிலுள்ள ஓரத்தில் ஒரு பக்கமாகப் போகும்போது முளைக்கும் வளைவுக்கும் இடையிலுள்ள வெற்று நிலமும் சேர்ந்து கூட்டப்படுகிறது; அருகிலுள்ள ஓரத்தில் அவர் திரும்பி வரும்போது அதே வெற்று நிலம் கழிந்துவிடுகிறது. அவர் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரும்போது கணக்கில் எஞ்சியிருப்பது வளைவுக்கு உள்ளே இருக்கும் நிலம் மட்டுமே. இதற்குமேல் இந்தச் சூத்திரத்தில் மறைபொருள் எதுவும் இல்லை.

கயிறு ஒரு கணத்தில் கடக்கும் பகுதி ஒரு மெல்லிய முக்கோணம். அதன் ஒரு முனை முளை. மற்ற இரண்டு முனைகள் நடப்பவர் நின்ற இடமும் அடுத்த அடி வைத்த இடமும். முளை ஆதிப்புள்ளியில் இருக்கும்போது அந்த முக்கோணத்தின் பரப்பு, முதல் இடத்தின் எக்ஸை அடுத்த இடத்தின் ஒய்யால் பெருக்கி, அதிலிருந்து அடுத்த இடத்தின் எக்ஸை முதல் இடத்தின் ஒய்யால் பெருக்கியதைக் கழித்து, பாதியாக்கினால் கிடைக்கும். குறியும் தானாகவே வந்துவிடும்: இடஞ்சுழி நடைக்குக் கூட்டல், வலஞ்சுழி நடைக்குக் கழித்தல்.

நேர்கோட்டு வரப்புகளைக் கொண்ட ஒரு நிலத்தில் இதைச் சோதித்துப் பார்க்கலாம். நான்கு மூலைகளின் ஆயத்தொலைவுகள் மீட்டரில் (0, 0), (60, 10), (70, 50), (20, 40) என்று வைத்துக்கொள்வோம். முதல் வரப்பும் கடைசி வரப்பும் முளையையே தொடுவதால் அவை தரும் மதிப்பு சுழியம். இரண்டாவது வரப்பு 60 × 50 − 70 × 10 = 2300 தருகிறது. மூன்றாவது வரப்பு 70 × 40 − 20 × 50 = 1800 தருகிறது. கூட்டினால் 4100, பாதி 2050 சதுர மீட்டர், அதாவது 20.5 ஏர், சென்ட் கணக்கில் ஏறத்தாழ 50.66. மூலைகளை எதிர்த்திசையில் எழுதினால் அதே நிலத்துக்கு −2050 வரும். நிலம் மாறவில்லை, நாம் நடந்த திசை மாறியிருக்கிறது. நில அளவையில் ஆயத்தொலைவுகளைக் கொண்டு பரப்புக் காணும் எல்லா மென்பொருள்களும் உள்ளுக்குள் செய்வது இதைத்தான். மூலைகளின் எண்ணிக்கை நான்காக இருந்தாலும் நானூறாக இருந்தாலும் முறை ஒன்றே.

மூலைகளைப் பெருக்கிக்கொண்டே போய், அடுத்தடுத்த அடிகளின் இடைவெளியைச் சுழியத்தை நோக்கிச் சுருக்கினால், கூட்டல் தொகையிடலாகிறது. அப்போது சூத்திரம் இப்படி அமைகிறது: எக்ஸை ஒய்யின் வகைக்கெழுவால் பெருக்குக, அதிலிருந்து, ஒய்யை எக்ஸின் வகைக்கெழுவால் பெருக்கி வருவதைக் கழிக்க, மீதியைப் பாதியாக்கி, ஒரு முழுச் சுற்றுக்கு டீயைப் பொறுத்துத் தொகையிடுக. வகைக்கெழுக்கள் இரண்டும் டீயைப் பொறுத்தவை. மூடிய வளைவுக்கு முதல் உறுப்பை மட்டும் பாதியாக்காமல் தொகையிட்டாலும் இதே விடை வரும். இரண்டாவது உறுப்பை மட்டும் கழித்தல் குறியோடு தொகையிட்டாலும் இதே விடை வரும். எதைப் பயன்படுத்துவது என்பதை வளைவைப் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம்.

முளையை எங்கே அடிப்பது என்ற கேள்வி எழலாம். எங்கே வேண்டுமானாலும் அடிக்கலாம். எக்ஸோடு ஒரு நிலையெண்ணைக் கூட்டினால், தொகையில் கூடுதலாகச் சேர்வது அந்த நிலையெண்ணை ஒய்யின் மொத்த மாற்றத்தால் பெருக்கிய மதிப்பு. மூடிய சுற்றில் ஒய் புறப்பட்ட மதிப்புக்கே திரும்பிவிடுவதால் அந்த மொத்த மாற்றம் சுழியம். கோட்பாட்டில் எங்கும் அடிக்கலாம் என்றாலும், கணினியில் நிரல் எழுதுவோர் முளையை நிலத்துக்கு அருகிலேயே அடிப்பது நல்லது. வரைபட ஆயத்தொலைவுகள் இலட்சக் கணக்கில் இருக்கும்போது, மிகப் பெரிய இரண்டு பெருக்குத்தொகைகளைக் கழித்துச் சிறிய விடையைப் பெற வேண்டியிருப்பதால், கடைசி இலக்கங்களின் துல்லியம் அங்கே தொலைந்துபோகும்.

நீள்வட்டம் இந்தச் சூத்திரத்துக்கு மிக எளிதாக இணங்கும் வளைவு. அரை நெட்டச்சு அ, அரைக் குற்றச்சு ஆ என்று கொண்டால், எக்ஸ் = அ கோசைன் டீ, ஒய் = ஆ சைன் டீ. சூத்திரத்தில் இட்டால் கோசைன் வர்க்கமும் சைன் வர்க்கமும் ஒன்றாகக் கூடி 1 ஆகிவிட, தொகையிட வேண்டியது ½ × அ × ஆ என்னும் மாறிலியாகச் சுருங்குகிறது. 2பையால் பெருக்கினால் பை × அ × ஆ. பட்டை முறையில் இதே விடையைப் பெற வர்க்கமூலம் ஒன்றைத் தொகையிட வேண்டியிருந்ததை நினைத்துப் பார்த்தால், துணையலகு வடிவம் எவ்வளவு சுமையைக் குறைக்கிறது என்பது புரியும்.

முளையை நடுவிலிருந்து பிடுங்கி ஒரு குவியத்தில் அடித்தால் இன்னும் சுவையான ஒன்று நிகழ்கிறது. நீள்வட்டம் வட்டத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைச் சொல்லும் மையத்தொலைத்தகவை இ என்று கொள்வோம். இப்போது தொகையிட வேண்டியது ½ அ ஆ (1 − இ கோசைன் டீ). டீ வரை கயிறு கடந்த பரப்பு ½ அ ஆ (டீ − இ சைன் டீ). முழுச் சுற்றுக்குப் பழைய விடையே வருகிறது. முளையை நகர்த்தினாலும் மொத்தம் மாறாது என்று முன்பு சொன்னது இங்கே கண்கூடு. ஆனால் பாதி வழியில் நிலைமை வேறு. சூரியனை ஒரு குவியத்தில் வைத்து, சூரியனிலிருந்து கோளுக்கு இழுத்த கோடு சம காலத்தில் சம பரப்பைக் கடக்கிறது என்று கெப்ளர் 1609-இல் வெளியிட்ட விதியை நினைவுகூர்ந்தால், அடைப்புக்குள் இருக்கும் டீ − இ சைன் டீ என்பதே கோளின் கடிகாரம் என்பது விளங்கும். கெப்ளர் சமன்பாடு என்று வானியலில் சொல்லப்படுவது இந்தப் பரப்புக் கணக்குதான். புவியின் பாதைக்கு இ ஏறத்தாழ 0.0167 மட்டுமே. அவ்வளவு சிறிய எண்ணின் விளைவை நம் வீட்டு நாட்காட்டியிலேயே காணலாம்: புவி சூரியனை நெருங்கி விரைந்து செல்லும் மார்கழிக்கு 29 அல்லது 30 நாட்கள், விலகி மெதுவாகச் செல்லும் ஆனிக்கு 31 அல்லது 32 நாட்கள். சூரியன் ஓர் இராசியைக் கடக்கும் காலத்தையே நாம் மாதம் என்று கொள்வதால் இந்த வேறுபாடு வருகிறது.

துணையலகு வளைவுகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது சைக்கிளாய்டு என்னும் உருள்வளை. நேரான தரையில் சறுக்காமல் உருளும் சக்கரத்தின் விளிம்பில் ஒரு சுண்ணாம்புப் புள்ளி வைத்தால், அந்தப் புள்ளி வெளியில் வரையும் தடம் அது. சக்கரத்தின் ஆரம் அ, சக்கரம் திரும்பிய கோணம் டீ என்றால், எக்ஸ் = அ(டீ − சைன் டீ), ஒய் = அ(1 − கோசைன் டீ). ஒரு முழுத் திருப்பத்தில் ஒரு வளைவு மேலெழுந்து தரைக்குத் திரும்பும். அந்த வளைவுக்கும் தரைக்கும் இடையே எவ்வளவு பரப்பு இருக்கிறது?

இந்தக் கேள்வி கலிலியோவை ஈர்த்தது. சைக்கிளாய்டு என்று பெயர் வைத்தவரும் அவர்தான். சமன்பாடுகளைக் கொண்டு தொகையிடும் வழி அன்று இல்லாததால், அவர் தகட்டில் வளைவையும் சக்கரத்தையும் வெட்டியெடுத்து எடை போட்டுப் பார்த்தார். வளைவின் எடை சக்கரத்தின் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. சரியாக மூன்று என்று கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. உண்மையான விகிதம் எளிய எண்ணாக இருக்காது என்று எண்ணினார். எடை சொன்ன உண்மையை அவர் நம்பவில்லை என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அவ்வளவு அருகில் வந்து நின்றிருந்தார்.

சரியாக மூன்றுதான் என்று பாரிசில் ரோபெர்வால் 1634-இல் நிறுவினார். அவர் வகித்த பேராசிரியர் பதவியைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை போட்டியில் வென்று தக்கவைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. போட்டிக்கான கேள்விகளைப் பதவியில் இருப்பவரே வகுப்பார் என்பதால், கண்டுபிடித்ததை வெளியிடாமல் கையில் வைத்திருப்பது அவருக்கு நன்மையாக இருந்தது. 1644-இல் இத்தாலியின் டோரிசெல்லி இதே முடிவை நூலில் அச்சிட்டபோது, இது தன்னிடமிருந்து எடுக்கப்பட்டது என்று ரோபெர்வால் குற்றம் சாட்டினார். பூசலை விட்டுவிடலாம். ரோபெர்வாலின் வழி மட்டும் மறக்க முடியாத அழகு உடையது.

அவர் வளைவின் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்; மற்றப் பாதி அதன் பிம்பம். பாதி வளைவைச் சுற்றி, அகலம் பை × அ, உயரம் 2அ உள்ள ஒரு செவ்வகத்தை வரைந்தார். பிறகு ஒவ்வோர் உயரத்திலும் உருள்வளையின் புள்ளிக்கு வலப்புறம் அ சைன் டீ தள்ளி ஒரு துணைப் புள்ளியை வைத்தார். அந்தத் துணைப் புள்ளிகள் சேர்ந்து இன்னொரு வளைவாகின்றன. அந்தத் துணைவளைவு, இன்று நாம் சைன் வளைவு என்று அறிந்திருப்பதன் வடிவமே. சமச்சீரின் காரணமாக அது செவ்வகத்தைச் சரிபாதியாகப் பிரிக்கிறது. செவ்வகத்தின் பரப்பு 2 பை அ² என்பதால், துணைவளைவுக்குக் கீழே பை அ². மீதி, உருள்வளைக்கும் துணைவளைவுக்கும் நடுவில் இருக்கும் இலை போன்ற பகுதி. அதன் அகலம் ஒவ்வோர் உயரத்திலும் அ சைன் டீ. சக்கரத்தை எடுத்து அதே உயரத்தில் குறுக்கே வெட்டினால், பாதி நாணின் நீளமும் சரியாக அ சைன் டீ. எல்லா உயரங்களிலும் அகலம் ஒன்றாக இருந்தால் பரப்பும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே அந்த இலையின் பரப்பு அரைச் சக்கரம், அதாவது ½ பை அ². இரண்டையும் கூட்டினால் பாதி வளைவுக்கு 1½ பை அ². முழு வளைவுக்கு 3 பை அ². ஒரே ஒரு தொகையிடல்கூட இல்லாமல், சைன் என்ற சொல்லைக்கூடப் பயன்படுத்தத் தேவையில்லாமல், முடிந்துவிட்டது.

நம் சூத்திரத்தில் இது மூன்று வரிகள். ஒய்யை எக்ஸின் வகைக்கெழுவால் பெருக்கினால் அ²(1 − கோசைன் டீ)². விரித்தால் 1, −2 கோசைன் டீ, கோசைன் வர்க்கம் டீ என்று மூன்று உறுப்புகள். 0 முதல் 2பை வரை முதலாவது 2பை தருகிறது, இரண்டாவது சுழியம், மூன்றாவது பை. மொத்தம் 3 பை அ². மூன்று வரிகளில் கிடைப்பது பெரும் வசதிதான். ஆனாலும் மாணவர்களுக்கு ரோபெர்வாலின் படத்தை ஒருமுறையாவது கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உருள்வளையில் மாணவர்கள் கவனிக்காமல் கடந்துபோகும் ஓரிடத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்த வளைவு தனியாக மூடிய வளைவே அல்ல. மேலே சென்று தரைக்கு வந்தபின், தரை வழியாகப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பினால்தான் சுற்று நிறைவடைகிறது. தரைவழி நடையில் ஒய்யும் சுழியம், ஒய்யின் மாற்றமும் சுழியம் என்பதால் அந்தப் பகுதி கணக்கில் எதையும் சேர்க்கவில்லை. அதனால் அதை மறந்துவிட்டவர்களுக்கும் விடை சரியாக வந்துவிடுகிறது. தரை ஆதிப்புள்ளிக்குக் கீழே அ தொலைவில் இருந்திருந்தால் அந்த மறதி விடையைக் கெடுத்திருக்கும். திறந்த வளைவை மூடாமல் சூத்திரத்தில் இடுவது, கயிற்றைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போவதற்குச் சமம்.

ஆஸ்ட்ராய்டு என்னும் நான்கு முனை விண்மீன் வடிவத்தையும் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். எக்ஸ் = அ கோசைன்³ டீ, ஒய் = அ சைன்³ டீ; பாதி வடிவச் சூத்திரத்தில் இட்டால் ஓரிரு வரிகளில் ⅜ பை அ² வருகிறது. பெரிய வட்டத்துக்கு உள்ளே கால் பங்கு ஆரமுள்ள சிறிய வட்டம் உருளும்போது உண்டாகும் வளைவு அது. அந்தச் சிறிய வட்டத்தின் பரப்பைப்போல் சரியாக 6 மடங்கு.

இனி அக்கா மகளின் கண்ணிக்கு வருவோம். டீ = −√3 ஆக இருக்கும்போதும் டீ = √3 ஆக இருக்கும்போதும் நடப்பவர் (3, 0) என்னும் ஒரே புள்ளியில் நிற்கிறார். இடையே டீ = −1 என்னும்போது (1, 2), டீ = 0 என்னும்போது (0, 0), டீ = 1 என்னும்போது (1, −2). வலப்புறத்திலிருந்து மேல்வழியாக இடப்புறம் சென்று, கீழ்வழியாகத் திரும்புகிறார். இது இடஞ்சுழி நடை. அவள் பயன்படுத்தியதோ ஒய்யை எக்ஸின் வகைக்கெழுவால் பெருக்கும் வடிவம். அந்த வடிவத்துக்கு முன்னால் கழித்தல் குறி இல்லாவிட்டால், அது வலஞ்சுழி நடைக்குத்தான் கூட்டல் விடை தரும். எக்ஸை ஒய்யின் வகைக்கெழுவால் பெருக்கித் தொகையிட்டிருந்தால் 24√3/5, அதாவது ஏறத்தாழ 8.31, கூட்டல் குறியோடே வந்திருக்கும். ஆக, அவளுக்குக் கிடைத்த கழித்தல் குறி ஒரு செய்தி: நீ எழுதிய வடிவத்துக்கு எதிர்த்திசையில் இந்த வளைவு நடக்கிறது என்பதே அந்தச் செய்தி. குறியை நீக்குவது தவறில்லை. அது என்ன சொல்கிறது என்று கேட்காமல் நீக்குவதுதான் எனக்கு உடன்பாடில்லை.

ஏனெனில் எட்டு வடிவத்தில் அந்தச் செய்தி தவறினால் முழு விடையும் தவறிவிடுகிறது. டீ 0 முதல் பை வரை செல்லும்போது நடப்பவர் வலப்பக்க இலையை மேல்வழியாகச் சென்று கீழ்வழியாகத் திரும்பிச் சுற்றுகிறார்; வலஞ்சுழி. நடுப்புள்ளியைக் கடந்ததும் இடப்பக்க இலையையும் மேல்வழியாகச் சென்று கீழ்வழியாகவே சுற்றுகிறார். ஆனால் அங்கே அது இடஞ்சுழியாகிவிடுகிறது. ஒய்யையும் எக்ஸின் வகைக்கெழுவையும் பெருக்கினால் சைன் டீ × கோசைன்² டீ. முதல் பாதிக்கு ⅔, இரண்டாம் பாதிக்கு −⅔. கூட்டினால் சுழியம். நான் எதிர்பார்த்த விடை 4/3. அதைப் பெற, வளைவு தன்னை வெட்டிக்கொள்ளும் இடத்தைக் கண்டு, அங்கே கணக்கைப் பிரித்து, இரண்டு இலைகளையும் தனித்தனியே கண்டு கூட்டியிருக்க வேண்டும். இறுதியில் மட்டு மதிப்பு எடுப்பது இங்கே பயன்படாது. எடுக்க வேண்டிய இடம் நடுவில் இருக்கிறது.

எதிர்ப்பக்கத்துப் பிழையும் உண்டு. ஆதிப்புள்ளியிலிருந்து தூரம் 1 + 2 கோசைன் டீ ஆக அமையும் லிமசோன் என்னும் வளைவு, பெரிய கண்ணிக்கு உள்ளே ஒரு சிறிய கண்ணியையும் வரைகிறது. இரண்டும் ஒரே சுழியில் நடக்கின்றன. சூத்திரம் 3 பை, அதாவது 9.42 தருகிறது. உண்மையில் வெளிக்கோட்டுக்கு உட்பட்ட பரப்பு 8.88 மட்டுமே, உள்கண்ணியின் பரப்பு 0.54. நடப்பவர் உள்கண்ணியை இரண்டு முறை சுற்றியதால் அது இரண்டு முறை எண்ணப்பட்டுவிட்டது. பொதுவாகச் சொன்னால், இந்தத் தொகையிடல் ஒவ்வோர் இடத்தையும் நடப்பவர் அதை எத்தனை முறை, எந்தச் சுழியில் சுற்றினார் என்னும் எண்ணால் பெருக்கிக் கூட்டுகிறது. வெட்டிக்கொள்ளாத வளைவுக்கு அந்த எண் 1 அல்லது −1 என்பதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை.

இந்தச் சூத்திரத்தை இன்று பாடநூல்கள் கிரீன் தேற்றத்தின் ஒரு பயன்பாடாகத் தருகின்றன. ஜார்ஜ் கிரீன் இங்கிலாந்தில் நாட்டிங்காமை அடுத்த ஸ்னெயின்டனில் தந்தையின் காற்றாலையில் மாவரைத்துக்கொண்டே கணிதம் கற்றவர். மின்சாரத்தையும் காந்தத்தையும் பற்றிய தம் கட்டுரையை 1828-இல் சொந்த முயற்சியில் வெளியிட்டவர். அவர் பெயரால் வழங்கும் தேற்றத்தின் உட்கருத்து, பரப்பைப் பொறுத்தவரை, மிக எளியது: உருவத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து ஒவ்வொன்றையும் இடஞ்சுழியாகச் சுற்றி வந்தால், அண்டைச் சதுரங்களின் பொது வரப்பு இரு திசைகளிலும் நடக்கப்பட்டுக் கணக்கிலிருந்து கழிந்துவிடும், எஞ்சுவது வெளி ஓரம் மட்டுமே. ஆகவே உள்ளே காலடி வைக்காமலேயே ஓரத்தில் நடந்து உள்ளே இருப்பதை அளந்துவிடலாம்.

இதை ஒரு கருவி செய்வதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கட்டடப் பொறியியல் படித்த காலத்தில் எங்கள் நில அளவைக் கூடத்தில் வெல்வெட் விரித்த மரப்பெட்டிக்குள் ஒரு பிளானிமீட்டர் இருந்தது. சுவிட்சர்லாந்தின் ஜேக்கப் ஆம்ஸ்லர் 1854-இல் உருவாக்கிய வகை அது. மூட்டு ஒன்றால் இணைந்த இரண்டு கைகள். ஒரு கையின் முனை காகிதத்தில் ஊன்றி நிற்கும், மறு கையின் முனையில் உள்ள ஊசியை வளைவின்மீது நகர்த்த வேண்டும். ஊசிக்கையில் ஒரு சிறு சக்கரம் பொருத்தப்பட்டிருக்கும். கை பக்கவாட்டில் நகரும்போது அந்தச் சக்கரம் உருளும். கை தன் நீளத்தின் திசையில் நகரும்போது வெறுமனே சறுக்கும். அதனால் கை கடந்த பரப்பைச் சக்கரம் குறியோடு எண்ணிக்கொண்டே வருகிறது. ஊன்றிய கையோ, சுற்று முடியும்போது ஒரே வில்லின்மீது போய்த் திரும்பியிருப்பதால், பரப்பு எதையும் அடைப்பதில்லை. நான் முளையில் கட்டிய கயிற்றை ஆம்ஸ்லர் உலோகத்தில் செய்து வைத்திருக்கிறார். அணைகளின் நீர்ப்பரப்பையும், சாலை வெட்டுகளின் குறுக்குப் பரப்பையும் பொறியாளர்கள் வெகுகாலம் இதைக்கொண்டுதான் வரைபடத்திலிருந்து எடுத்தார்கள். வலஞ்சுழியாகச் சுற்றினால் அளவீடு கூடும் என்பதும், இடஞ்சுழியாகச் சுற்றினால் குறையும் என்பதும் செய்முறை வகுப்பின் முதல் பாடம்.

எட்டுக் கணக்கில் சுழியம் வந்த சில நாட்களுக்குப் பிறகு அந்தக் கருவி எங்கள் கைக்கு வந்தது. வகுப்புக்குரிய படங்களை முடித்துவிட்டு, வரைபடத் தாளில் 10 சென்டிமீட்டரை ஓரலகாகக் கொண்டு எட்டைப் புள்ளி புள்ளியாக வைத்து வரைந்தேன். அந்த அளவில் ஒவ்வோர் இலையும் 66.67 சதுர சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சக்கரத்தின் ஒரு முழுச் சுற்று 100 சதுர சென்டிமீட்டர். ஊன்றுமுனையை உருவத்துக்கு வெளியே வைத்து, ஊசியை நடுப்புள்ளியில் நிறுத்தி, சக்கரத்தின் சுற்றை நுணுக்கமாகக் காட்டும் வெர்னியர் அளவுகோலைப் பார்த்தேன்: 2.140. வலப்பக்க இலையைச் சுற்றி நடுப்புள்ளிக்கு வந்தபோது 2.806. மூச்சை அடக்கிக்கொண்டு இடப்பக்க இலையின்மீது ஊசியை நகர்த்தினேன். சக்கரம் பின்னோக்கி உருளத் தொடங்கியது; நடுப்புள்ளியில் ஊசி மீண்டும் வந்து நின்றபோது வெர்னியர் 2.141 காட்டியது.